சிலந்தி கேட்டு வந்த அபயாம்பாள் மாமி

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு அபயாம்பாள் மாமிதான் முனிசிபாலிட்டி. ரயில்வே குமாஸ்தா சந்திரமௌலியைக் கல்யாணம் செய்துகொண்டு பாலக்காட்டிலிருந்து வந்த நாள் முதல், இருபது வருஷமாக அவள் ஒட்டடைக்கம்புக்கு ஓய்வே கிடையாது. தன் வீட்டோடு விட்டிருக்கலாம். நாற்பத்துநாலாம் வருஷம் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்குக்கு வந்தவள், அண்ணாந்து பார்த்து, "ஷ்யாமளா, கொலுவுல சிலந்தியும் வெச்சிருக்கியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாள். என் மனைவி ஷ்யாமளா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கும் கோபம்தான். ஆனால் சிலந்தி இருந்தது உண்மை.

நாற்பத்தாறில், முதல் மழை பெய்த மறுநாள் விடியற்காலை, மாமியின் ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு பறவை விழுந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, மஞ்சள் வயிறு, அதற்குச் சற்றும் பொருந்தாத நீளச் சிவப்பு அலகு. மாமி தயிர்சாதம் வைத்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குர்லாவிலிருந்து ஸ்டவ் ரிப்பேருக்கு வந்த கரீம் பாட்சாதான் விஷயத்தைச் சொன்னார். "இது மழையோட வர்ற காட்டு மீன்கொத்திம்மா. ராத்திரியில பறந்து வரும், சுவரு தெரியாம மோதிக்கும். ஓடைக்கரையில மண்ணைக் குடைஞ்சு குஞ்சு பொரிக்கும். மீன் வாங்கியாரட்டுமா?"

மாமி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப சிலந்தி குடுங்க, அதுவும் தின்னும். சாயங்காலத்துக்குள்ள ஏதாச்சும் உள்ள போனாத்தான் பொழைக்கும்."

மாமி வீட்டில் சிலந்திக்கு எங்கே போவது? பரண் முழுக்கத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. மற்ற வீடுகளிலும் அவளுக்குப் பயந்தே ஒட்டடை அடித்து வைத்திருந்தார்கள். மத்தியானம் எங்கள் கதவைத் தட்டினாள்.

"ஷ்யாமளா, உங்காத்துல ஒட்டடை இருக்குமோன்னு…" பறவையை முந்தானையில் ஏந்தியிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

ஷ்யாமளா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"நிறைய இருக்கு மாமி. உள்ள வாங்கோ."

எங்கள் பரணில் எட்டுச் சிலந்தி கிடைத்தது. ஈர்க்குச்சி நுனியில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு ஆட்டினார்கள். முதல் இரண்டுக்குப் பறவை அசையவில்லை. மூன்றாவதை லபக்கென்று விழுங்கியது. ஷ்யாமளாவும் மாமியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதை அவர்களே கவனிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் ஜன்னலைத் திறந்ததும் அது செம்பூர் மலைப்பக்கம் பறந்துபோனது.

அந்த வருஷக் கொலுவுக்கு மாமி வீட்டுக்குப் போனாள் ஷ்யாமளா. சுண்டலுக்காக நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"மாமி, மூலையில ஒட்டடை."

"இருக்கட்டும்டி," என்றாள் மாமி. "அடுத்த மழைக்கும் வருமோல்லியோ."