வக்கீல் அழுததற்கு என் டிரைவரா பொறுப்பு?

எங்கள் கம்பெனியில் ‘ஹாரன்’ என்று கூப்பிட்டால் ஒரு டிரைவர்தான் திரும்பிப் பார்ப்பார். ஹாரனை அவர் தொடவே மாட்டார் என்பதால் கண்டக்டர்கள் வைத்த பெயர் அது. பஸ் கழுவ வந்தவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தவன் நான். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் ஒற்றைப் பஸ்ஸில் தொடங்கி இன்று ஷெட் நிறைய நிறுத்தியிருக்கிறேன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஹாரனுக்குப் பேச்சு குறைவு. அவர் மனைவி வீட்டில் தையல் வேலை பார்க்கிறார். “எங்க வீட்ல இவரைவிட மிஷின்தான் அதிகமா பேசும்” என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார் அந்தம்மா. ஆனால் பஸ்ஸில் பாட்டுப் போடுவதில் மனுஷனுக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் துள்ளல் பாட்டு. வேலைக்குப் போகிறவர்கள் தூங்கி வழியக் கூடாது. மாலையில் பழைய பாட்டு, சத்தம் கம்மியாக. பாட்டு இழுத்து இழுத்துப் போனால் வண்டியையும் அதன் போக்கிலேயே விடுவார். நின்று வருகிறவர்கூடக் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

ஒரு மாலை அப்படியொரு பாட்டு ஓடியிருக்கிறது. தினமும் வரும் வக்கீல் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார். கண்டக்டர் “பாலம், பாலம்” என்று கத்தியும் காதில் விழவில்லை. அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிவிட்டது. பக்கத்து சீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்ட, பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறது.

மறுநாள் காலையே ஆபீசுக்கு வந்துவிட்டார், புகார் கொடுக்க. இப்போது நிர்வாகம் என் மகன் கையில். எம்.பி.ஏ. படிக்க வைத்தேன். வக்கீல் என்றதும் அவன் வெலவெலத்துப்போய், பஸ்ஸிலிருந்த பாட்டு செட்டைக் கழற்றச் சொல்லி, ஹாரனை மறுபடி பஸ் கழுவ ஷெட்டுக்கு அனுப்பிவிட்டான்.

கேள்விப்பட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் மாடியிலிருந்து இறங்கினேன்.

“வேகமா ஓட்டினானா?” என்று மகனைக் கேட்டேன்.

“இல்லப்பா.”

“எங்கயாவது இடிச்சானா?”

“இல்ல. பயணிக்கு மன உளைச்சலாம்.”

“அப்ப இனிமே கண்ணீருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்துடு.”

வக்கீல் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் திரும்பினேன்.

“என்ன பாட்டுக்கு சார் அழுதீங்க?”

“அது உங்களுக்கு எதுக்கு பெரியவரே?”

“என் டிரைவர் பொழப்பு போகுது. எனக்குத்தான் வேணும்.”

குரலைத் தாழ்த்தினார். “எங்க அண்ணன் குளிக்கும்போது பாடுற பாட்டு. பேச்சுவார்த்தை அறுந்துபோய் ரொம்ப வருஷமாச்சு. அத்தனை பேர் முன்னாடி என்னைப் போய்... தினமும் போற பஸ் அது.”

“அப்ப உங்க அண்ணன் மேல புகார் குடுங்க. டிரைவர் என்ன பண்ணான்?”

“பஸ்ல அந்த மாதிரி பாட்டெல்லாம் போடக் கூடாது.”

அந்த மாதிரிப் பாட்டாம். பேச்சு என்பது டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிற பயணி. பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடலாம். பாட்டு ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறிவிடும். உள்ளே வந்த பிறகுதான் நமக்கே தெரியும். அண்ணனைப் பற்றி யாராவது பேச வந்திருந்தால் இந்த வக்கீல் ஆயிரம் பாயிண்ட் சொல்லி வாயை அடைத்திருப்பார். பாட்டிடம் ஒரு பாயிண்டும் பலிக்கவில்லை. அந்தக் கோபத்தை என் டிரைவர் தலையில் இறக்கப் பார்த்தார். என் அப்பா செத்தபோதுகூட அழாதவன் நான். அதே பஸ்ஸில் போகும்போது எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. நான் யார் மேலும் புகார் எழுதவில்லை.

“வண்டியும் செட்டும் அவன்கிட்டயேதான் இருக்கும். நீங்க கேஸ் போட்டுக்குங்க” என்றேன். மகன் முகம் சுருங்கியது. சுருங்கட்டும், கம்பெனி இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.

கேஸ் வரவில்லை. வக்கீல் இப்போது எங்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை. கோர்ட் ஸ்டாப்பில் வேறு பஸ்ஸுக்காக நிற்கிறார். போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஸ்டாப் நெருங்கியதும் ஹாரன் பாட்டை நிறுத்திவிடுகிறார் என்று கண்டக்டர் வந்து சொன்னான். கூப்பிட்டுக் கேட்டேன்.

“உன்னை ஷெட்டுக்கு அனுப்பின ஆளுக்கு எதுக்குய்யா இந்த மரியாதை?”

“ஏறலன்னாலும் அவரு அங்கதானே நிக்கிறாரு, முதலாளி. காதுல விழுமே.”

நானாக இருந்தால் சத்தத்தைக் கூட்டியிருப்பேன்.