பெண் பார்க்க வந்த நாளிலும் வகுப்பு

தானே புயலில் முந்திரி மரங்கள் சாய்ந்து பிழைப்பு போன பிறகு, எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு, கம்பெனிகளில் கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விட்டார்கள். அவர்களைச் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. அப்பாவுக்கு அதில் பாதிப் பெருமை. டிவி பார்க்க முடியாத எரிச்சல் மீதி.

அத்தையைப் பெண் பார்க்கத் திட்டக்குடியிலிருந்து வருகிறார்கள் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்டோவிலேயே அத்தைக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அவள் போய்விட்டால் வகுப்பு நின்றுவிடும். அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த மீனா கொட்டை உடைப்பதோடு நின்றுவிடுவாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"ஒரு எடத்துல நில்லேன்டி" என்று அம்மா அதட்டினாள்.

அன்றைக்கு வகுப்பு கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடும்படி அப்பா அத்தையிடம் சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியில் கைவைத்த நேரம், பையும் பாயுமாக எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா கண்ணாலேயே விரட்டிப் பார்த்தார்.

"அக்காதான் வரச் சொன்னாங்க" என்றாள் மீனா, அத்தையைக் காட்டி, சத்தமாக.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகம் மாறாமல் அத்தையைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்கும்மா? எங்க வூட்ல வேலையே ஜாஸ்தி."

அத்தை தலை நிமிர்ந்தாள். "உங்க ஊர்லயும் படிக்காத புள்ளைங்க இருக்கும்லம்மா? அங்கயும் சாயங்காலத்துல நடத்துவேன். சரின்னா சொல்லுங்க."

அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. மாப்பிள்ளை வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று அந்த அம்மா எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரிந்திருந்தது.

கார் கிளம்பியது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மிச்சப் பஜ்ஜியெல்லாம் எங்களுக்கு. அத்தை பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் வகுப்பைத் தொடங்கினாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தி, மீனா ஒரு வரியைத் திக்காமல் வாசித்து முடித்தாள். அடுத்த ஜூனில் அவள் பள்ளிக்கூடம் திரும்பினாள். இன்று சிதம்பரத்தில் நர்ஸ்.

அன்றைக்கு அவள் வாசித்து முடித்ததும் நாங்கள் கைதட்டினோம். அத்தை பலகைப் பக்கம் திரும்பி அடுத்த வரியை எழுதப் போனாள். சாக்பீஸ் ஆடியது, எழுத்து கோணிக்கொண்டு போனது.

"ஏன் அத்த கை நடுங்குது?"

திரும்பாமலே சொன்னாள்: "பட்டுப்பொடவ கனம்டி."

அவ்வளவு கனமானதை எதற்குத்தான் கட்டுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.