கணவர் கையெழுத்து எங்கே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்பு இந்த நாட்டில் குற்றம், கணவன் எழுதிக் கொடுத்தால் மட்டும் மன்னிப்பு உண்டு என்று நாற்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆதாரம், ஆஸ்பத்திரிச் சுவர். ஹைதராபாத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் 'கருவின் பாலினம் அறிவது தண்டனைக்குரிய குற்றம்' என்று போர்டு இருக்கும். அதில் கருவையும் குற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை நானே நிரப்பிக்கொண்டேன். அப்படிப்பட்டவனிடம்தான் ஒரு மத்திய அரசு நிறுவனம் தன் மெடிக்கல் செக்‌ஷனைக் கொடுத்திருந்தது.

1. ஒரு வாரப் பொறுப்பு

எங்கள் ஆபீஸ் பேகம்பேட்டில். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை அப்படியே நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தில் தொடர்வோம். மாதாப்பூர் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். மேனேஜர் டெல்லிக்கு டூர் போனதால், ரெஃபரல் லெட்டரில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம் வந்தது. அந்த லெட்டர் இருந்தால், கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கும் பேனல் ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டாம். பில் கம்பெனிக்கு வந்துவிடும்.

திங்கட்கிழமை காலையிலேயே பரமேஸ்வரி வந்தார். சிஸ்டம்ஸ் பிரிவு, மதுரைக்காரர், இரண்டு பெண் குழந்தைகள். கணவர் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார்.

"சார், கைனிக் டாக்டருக்கு லெட்டர் ஒண்ணு வேணும். கலைக்கணும். காப்பர்-டி போட்டிருந்தும் கரு நின்னுருச்சு."

"வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்கம்மா."

"போட மாட்டாரு சார். ஸ்கேன் எடுத்துப் பாப்போம், பையன்னா வச்சுக்குவோம், இல்லன்னா கலைச்சிருவோம்ங்கறாரு. அதுக்கு ஆளும் பாத்து வச்சிருக்காரு. எனக்கு என்னன்னே தெரிய வேணாம். ரெண்டு போதும்."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி?"

"புருஷனைக் கூட்டிட்டு வான்னுட்டாங்க. பிரைவேட்டுக்குப் போகலாம்னா, என் சம்பளம் போற அக்கவுன்ட் ரெண்டு பேருக்கும் பொது, எடுத்தா அவருக்குத் தெரிஞ்சிரும். நாள் போகுது சார். பன்னெண்டு வாரம் தாண்டுனா ரெண்டு டாக்டர் சொல்லணுமாம்."

நல்லவேளை, அப்போது விமானம் வந்தது. அது போன பிறகும் நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நாளைக்கு வாங்களேன்" என்றேன்.

2. ராகவன் தந்த தைரியம்

ஃபைனான்ஸ் ராகவனிடம் போனேன். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். வீடு தார்நாகாவில். யார் பெயரும் சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டேன்.

"நக்கோ பா, வேணாம். இது பப்ளிக் பணம். ஒரு உயிரை அழிக்கறதுக்கா ஜனங்க வரி கட்றாங்க? அந்தம்மா பொண்ணுன்னு தெரிஞ்சுகிட்டுக் கலைக்குதோ என்னமோ, உனக்கென்ன தெரியும்? ஆடிட்ல ஆட்சேபம்னு ஒரு பாரா எழுதினா உன் பேருதான் முதல்ல. அப்புறம் கம்பி எண்ணு."

அன்று சாப்பிடும்போது மனைவியிடம், "சஞ்சல்குடா ஜெயில்ல தயிர்சாதம் குடுப்பாங்களா?" என்று கேட்டேன். "எந்த நாள்னு முன்னாடியே சொல்லிடுங்க, கேரியர் கட்டித் தர்றேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பிரின்டர் ரிப்பேர் என்றேன். புதன்கிழமை சீல் கிடைக்கவில்லை. சீல் என் பேன்ட் பையில்தான் இருந்தது, உட்கார்ந்தால் குத்தியது. வியாழக்கிழமை பரமேஸ்வரி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"சார், போட முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. யாரோ ஒரு அம்மா மருந்து குடுக்குதாம். அங்க போயிக்கறேன்."

அதுவரை எனக்கு என்ன ஆகும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு என்ன ஆகும் என்று முதல்முறை பயந்தது அப்போதுதான். "அங்க மட்டும் போகாதீங்க, ஒரு மணி நேரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

3. செருப்புச் சட்டம்

கம்பெனி டாக்டர் ஹேமலதா தெலுங்குக்காரர். மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாக வரும், திட்டும் சேர்த்து.

"கணவர் கையெழுத்து எந்தச் சட்டத்துல இருக்கு?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் கேக்கறாங்களே மேடம்."

"வாசல்ல செருப்பை விடச் சொல்றாங்க, அதுவும் சட்டமா? பதினெட்டு வயசு ஆன பொண்ணுன்னா அவ சம்மதம் போதும். கருத்தடை தவறிப்போறது சட்டத்துலயே ஒத்துக்கிட்ட காரணம். ஸ்கேன்ல பொண்ணா பையனான்னு பாக்கறதுதான் குற்றம்." அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துக் கையில் திணித்தார். சில பக்கங்கள்தான். ஒரு டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ராகவன் பி.பி. பார்க்க வந்து சேர்ந்தார். அவர் சொன்னதை நான் ஏற்கெனவே டாக்டரிடம் ஒப்பித்திருந்தேன். கையில் பட்டை கட்டியபடியே டாக்டர் அவரிடம் பேச்சைத் தொடங்கினார்.

"பப்ளிக் பணம்னு சொன்னீங்களாமே."

"என் மனசு ஒத்துக்கலை மேடம்."

"அது உங்க மனசு, அதை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மூணாவது பிரசவத்துக்கு இந்தக் கம்பெனி காசு குடுக்காது. ரெண்டோட நிறுத்துனா இன்கிரிமென்ட் குடுக்குது. அது யார் பணம்?"

ராகவன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு குழந்தைக்குப் பிறகு அவர் ஆபரேஷன் செய்துகொண்டதற்கு, சிறு குடும்ப இன்கிரிமென்ட் ஃபைலை நகர்த்தியதே நான்தான்.

"பி.பி. ஏறுது" என்றார் டாக்டர்.

"ஏத்தினதே நீங்கதான்." பட்டையை அவிழ்த்துவிட்டு எழுந்தார். "எனக்கு இப்பவும் பிடிக்கலை. ஆனா ரூல்ல இருந்தா பில்லைப் பாஸ் பண்ணுவேன்."

என் டிராஃப்டில் காரணமே ஒரு பாராவுக்கு இருந்தது. டாக்டர் அதை முழுதாக அடித்துவிட்டு, 'மகப்பேறு மருத்துவர் சிகிச்சைக்காக' என்பதை மட்டும் விட்டுவைத்தார். "மத்தது அவளுக்கும் டாக்டருக்கும் நடுவுல. உங்க ஆபீஸ் ஃபைலுக்கு எதுக்கு?"

கையெழுத்துப் போட்டேன். பரமேஸ்வரி வாங்கிப் பார்த்தார். "உங்க கையெழுத்துதானா சார் இது? கோழி நடந்த மாதிரி இருக்கு." அந்த வாரத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

4. ரிசப்ஷனில் ஒருவர்

அடுத்த வாரம் ரிசப்ஷனிலிருந்து போன். பரமேஸ்வரியின் கணவர் வந்திருக்கிறாராம். செக்யூரிட்டியைக் கதவருகே நிற்கச் சொன்னேன். மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன்.

மெலிந்த ஆள், கழுத்தில் ஐ.டி. கார்டு. "நான் எதுலயும் கையெழுத்துப் போடலயே சார். எப்படி லெட்டர் குடுத்தீங்க?"

"யாருக்கு என்ன லெட்டர் குடுத்தோம்னு வெளிய சொல்ற வழக்கம் இல்ல சார். பொதுவா, யாருக்கு சிகிச்சையோ அவங்க கையெழுத்து இருந்தாப் போதும்."

விமானம் வந்தது. இருவரும் காத்திருந்தோம். போன பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. எழுந்து போனார். பேப்பர் வெயிட்டைப் பழைய இடத்தில் வைத்தேன்.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பயம் வந்தால் முதலில் சட்டத்தைப் படியுங்கள். படிக்க எனக்கு ஒரு டீ நேரம் போதுமாயிருந்தது. பயப்பட நான் எடுத்துக்கொண்ட நான்கு நாட்களும் பரமேஸ்வரியின் நாட்கள்.

ஆடிட் வந்தது. அந்த லெட்டரைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். பன்னிரண்டு வாரம் ஆவதற்குள், ஒரே டாக்டரின் ஒப்புதலோடு, பரமேஸ்வரிக்கு எல்லாம் முடிந்திருந்தது. சட்டப்படி உள்ள ஆறு வார விடுப்பை எடுத்துக்கொண்டு, ஏழாவது வாரம் வேலைக்கு வந்தார்.