முப்பத்தொன்பதாவது சீட்டு

அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவளை எல்லாரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் படித்ததும் அதே பள்ளிக்கூடம்தான். வாய் கொஞ்சம் நீளம். பட்டப்பெயர் வைப்பதில் சின்ன வயதிலேயே கெட்டிக்காரி. கணக்கு வாத்தியாருக்கு அவள் வைத்த 'மைனஸ்' அவர் ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் தலைமை ஆசிரியை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். 'உங்கள் வகுப்பில் எல்லாருக்கும் இடம் இருக்கிறதா?' பெயர் போடாமல் பதில் எழுத வேண்டும். அவற்றைத் தட்டச்சு செய்யும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

'பி' பிரிவில் முப்பத்தொன்பது சீட்டுகள். "எங்க கிளாஸ் ஒரே குடும்பம் மாதிரி", "யாரையும் ஒதுக்க மாட்டோம்", "மத்தியானம் ஒரு டப்பாவுல பத்துக் கை விழும்" என்று முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். கடைசிச் சீட்டு பென்சிலில் இருந்தது. "நான் லேப் பக்கத்துல மாடிப்படிக்குக் கீழ உக்காந்து சாப்பிடறேன். யாரும் என்னைப் போகச் சொல்லல. யாரும் வரவும் சொல்லல."

அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. முப்பத்தெட்டுப் பேரும் பொய் எழுதவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வயதில் கேட்டிருந்தால் அவளும் இதையேதான் எழுதியிருப்பாள், அடித்துச் சத்தியம் பண்ணி.

அவள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். திக்குவாய். பாடம் வாசிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். ஒரு நாள் அக்காதான் பின் பெஞ்சிலிருந்து, "ரேடியோவுக்கு இன்னும் ஸ்டேஷன் கிடைக்கலடி" என்றாள். வகுப்பே குலுங்கியது. டீச்சர்கூட கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவள் ரேடியோ. போகப் போக ரேடியோ வாயையே திறக்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவுமில்லை. ஏன் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அக்கா அவளை நினைத்ததுகூட இல்லை. இப்போது அந்த ரேடியோ மனக்கண்ணில் எதிரே நின்று முதல் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறாள். உதடு துடிக்கிறது, சத்தம் வரவில்லை.

"எல்லாத்தையும் போடாதேம்மா. நல்லதா ஒரு அஞ்சு எடுத்து வை, காலைக் கூட்டத்துல வாசிக்கணும்" என்றார் தலைமை ஆசிரியை. அக்கா நல்லதாக நாலு அடித்தாள். ஐந்தாவதாகப் பென்சில் சீட்டை அடித்தாள்.

தலைமை ஆசிரியை முன்கூட்டிப் பார்க்காமல் மைக்கில் வாசித்துக்கொண்டே போனார். ஐந்தாவதில் குரல் தடுக்கியது. மைதானம் கப்சிப்பென்றானது. நாம் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அக்கா நினைத்தாள்.

மத்தியானம் 'பி' பிரிவு வாசலைக் கடந்தபோது உள்ளே சத்தம். "யாருடி அது, நம்ம மானத்தை வாங்கினது? மத்தியானம் யார் நம்மகூட சாப்பிடறதில்லன்னு பாப்போம்!" ஆளைப் பிடிக்கும் விளையாட்டு அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. அக்கா லேப் பக்கம் ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தரை மட்டும் தூசியில்லாமல் இருந்தது.

நாலாம் நாள் ஒரு பெண் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு வந்தாள். விண்ணப்பத்தைப் பென்சிலால் நிரப்பினாள். அதே கையெழுத்து.

"அந்தச் சீட்டை டைப் பண்ணினது நான்தாம்மா" என்றாள் அக்கா மெல்ல.

"பேர் போட வேண்டாம்னு சொன்னாங்களேன்னுதான் எழுதினேன்" என்றாள் பெண். "ஏங்க்கா வாசிக்க வெச்சீங்க?"

அக்கா தட்டுத்தடுமாறி ரேடியோ கதையைச் சொன்னாள். பெண் கடைசிவரை கேட்டாள்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது."

"தேடிப் பாத்தீங்களா?"

அக்கா தலையசைத்தாள், இல்லை என்று. பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே அக்கா பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தாள். எடுத்த பிறகுதான் உறைத்தது: யார் பெயரைத் தேடுவது? ரேடியோ என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் நினைவில்லை. தன் வகுப்பின் நாற்பது பெயரையும் ஒவ்வொன்றாய் வாசித்து, முகத்தை ஒட்டிப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தாள். சிவப்பு மையால் அடித்த ஒரு பெயர் மிஞ்சியது. அருகில் 'நீண்ட நாள் வராமை'. கீழே முகவரி.

சனிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனாள். முன்னால் வண்டி பழுது பார்க்கும் கடை, பின்னால் வீடு. நடுவயதுப் பெண்ணொருத்தி ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்தாள். அக்கா பதிவேட்டுப் பெயரைச் சொன்னாள். வாயில் அது அந்நியமாக இருந்தது.

"அவங்க காலி பண்ணி எத்தனையோ வருஷமாச்சே. எங்க போனாங்கன்னு இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது." அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அவளுக்கு என்ன வேணும்? சிநேகிதியா?"



"ஒரே கிளாஸ்" என்றாள் அக்கா.