அடையாளத்துக்கு ஒரு படகு

இரண்டு வருடங்களுக்கு முன், காலாண்டு விடுமுறை. பள்ளி ஆசிரியையான என் மனைவியும் நானும் குரோம்பேட்டையிலிருந்து காரில் கிளம்பி, மூன்று நாட்கள் கடற்கரை ஊர்களாகச் சுற்றினோம். முதல் நாள் கோவளம், மறுநாள் மாமல்லபுரம், மூன்றாம் நாள் சதுரங்கப்பட்டினம்.

மனைவிக்கு இரண்டு காதும் மந்தம். அந்த மாதம்தான் காது மெஷின் வாங்கியிருந்தோம். கோவளத்தில் மணலில் கால் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "அலை திரும்பிப் போறப்பகூட ஒரு சத்தம் வருதுங்க, சர்ருனு" என்றாள். கிட்டத்தட்ட என் குறட்டை மாதிரியே இருக்கிறதாம். ஆனால் இது இனிமையாம்.

மூன்றாம் நாள் மாலை கடலில் குளிக்க ஆசைப்பட்டோம். மெஷின் நனையக் கூடாது. காரில் வைத்தால் கண்ணாடியை உடைப்பார்கள், கரையில் வைத்தால் தூக்கிவிடுவார்கள் என்று வாட்ஸ்அப் வீடியோக்களிலேயே ஊறிப்போன என் மூளை எச்சரித்தது. மெஷின் டப்பா, கார் சாவி, இரண்டு போன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தேன். அடையாளத்துக்கு, பக்கத்தில் நின்ற நீலப் படகு. இத்தனை பெரிய அடையாளத்தை எவனால் தூக்கிக்கொண்டு போய்விட முடியும்?

தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில், கரையில் மீன் வறுத்து விற்கும் அம்மா ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். "வேணாம்மா, நாங்க சைவம்!" என்று கத்திவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அலையோடு நகர்ந்து நகர்ந்து எங்கேயோ போய்விட்டு, திரும்பி வந்தால் படகைக் காணோம். தூரத்தில் நீலமாக, வலை போடப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் நான் தோண்டிய தோண்டலைப் பார்த்திருந்தால், தெருநாய்கூட என்னைத் தன் சங்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கும். எட்டுக் குழி. மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. நான் மணலில் கோபுரம் கட்டுவதாக நினைத்து, தண்ணீரில் நின்றபடி சிரித்துக் கையசைத்தாள். மூன்று நாளாக அவளுக்குக் கிடைத்த கடல் சத்தத்தை நானே புதைத்துத் தொலைத்துவிட்டேனே!

சந்தேகம் மீன்கார அம்மா மேல் போனது. போலீஸ் தோரணையில் மிரட்ட நினைத்தேன். கீச்சுக் குரல்தான் வந்தது. "இங்க ஒரு கவர் வெச்சிருந்தேன். நீங்க எடுத்தீங்களா?"

"ஆமா, நான்தான் எடுத்தேன். இன்னா இப்போ? நீ பொதைக்கிறதைப் பாத்துனுதான் இருந்தேன். டிராக்டர் வந்து போட்டைத் தள்ள சொல்லோ அது மேலயே ஏறிக்கும். சட்னி ஆயிருக்கும். தொண்டை கிழிய கூவினேன், நீ சைவம்னு கத்தினுகீற. காது கேக்கலியா உனுக்கு?"

மசாலா டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்து நீட்டினார். ஒரு துளி மணல்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் வந்து சேர்ந்த மனைவி தலையைத் துவட்டி, மெஷினை மாட்டினாள். அவள் காதில் முதலில் விழுந்தது அந்த அம்மா என்னைத் திட்டியதுதான்.

"இன்னா ஆளுக்கா இவுரு? பாக்கறவன் எல்லாம் திருடன்ற மாரியே முழிக்கிறாரு!"

"இதத்தான் நான் இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள் மனைவி. இருவரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் முன்பின் தெரியாதவர் யாராவது கையாட்டிக் கூப்பிட்டால் நின்று கேட்கிறேன். பாதிப் பேர் எதையாவது விற்கத்தான் வருகிறார்கள், ஆனாலும் அந்த மீதிப் பாதிப் பேருக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்றுதான் தோன்றுகிறது.