பம்பு தானாக ஓடிய பிறகுதான் அண்ணன் வீடு திரும்புவார்

பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு வேப்பிலையும் கையுமாகக் கூட்டம் போகத் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு இதே ஆடியில்தான் அண்ணன் எங்களை விட்டுப் போனார். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டியவள், அவருடைய பட்டறையில் கடிதமும் ரிப்போர்ட்டும் பார்த்த தங்கையாகிய நான்தான் என்று அண்ணியார் சொல்லிவிட்டார். வெறும் புகழ்ச்சி எழுத எனக்கு வராது. அண்ணனுக்கும் அது பிடிக்காது.

பெரியபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நைனா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டே நடவுக்கும் அறுப்புக்கும் நின்று, என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார். பிறகு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தீயணைப்புப் பம்புகளைச் சீர்செய்யக் கற்று, புதுவாயலில் சொந்தப் பட்டறை போட்டார்.

வயலில் பம்பு கெட்டால் அன்றே தெரிந்துவிடும். தீயணைப்புப் பம்பு அப்படியில்லை. ஆண்டு முழுக்கச் சும்மா நிற்கும். தீப்பிடித்த அன்றைக்கு ஓடியே ஆக வேண்டும். அதனால் நன்றாக ஓடுகிற பம்பையும் குறித்த காலத்தில் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்பார் அண்ணன். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் துருவைத் தட்டி எடுத்து, தேய்ந்த வளையங்களை மாற்றி, பேரிங்குகளைக் காதுகொடுத்துக் கேட்பார். சுழலும் தண்டைச் சுற்றி வைக்கும் பேக்கிங் கயிற்றில் மட்டும் தண்ணீர் சொட்ட விடுவார். அந்தத் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும். தரை நனைகிறது, இறுக்கி விடு என்றார் ஒரு மேனேஜர். “சொட்டுதுன்னா நல்லாக்கீதுன்னு அர்த்தம் சார். சொட்டலன்னாதான் பேஜாரு” என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். பிடிவாதத்துக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமில்லை. அதில் அண்ணன் மொத்த வியாபாரி.

அப்படிப்பட்டவரும் ஒருமுறை தவறினார்.

வேலை நடக்கும்போது பம்பு தானாக ஓடிவிடக் கூடாது என்று அதன் சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ பக்கம் திருப்பி வைப்பார்கள். முடிந்ததும் மறுபடி ஆட்டோவில் வைக்க வேண்டும். அப்போதுதான் தீயணைப்புக் குழாயை யாராவது திறந்தவுடன் பம்பு தானே ஓடத் தொடங்கும். ஒரு தொழிற்சாலையில் பம்பை முழுதாகச் சீர்செய்து, கையால் பொத்தானை அழுத்தி ஓட்டிக் காட்டி, எல்லோரும் பாராட்டிய மகிழ்ச்சியில் அண்ணன் சுவிட்சைத் திருப்பாமலே வந்துவிட்டார். அதற்கு முந்தைய நாளே ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து, ‘ஆட்டோவில் உள்ளது’ என்ற கட்டத்திலும் டிக் போட்டு வைத்தவள் நான். நேரம் மிச்சமாகும் என்று எப்போதும் அப்படித்தான் செய்வேன். அவர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

மூன்றாம் நாள் பகல் உணவு வேளையில் அங்கே அட்டைப்பெட்டிக் கிடங்கில் தீப்பிடித்தது. பம்பு ஓடவில்லை. அங்கே பம்பு ஆபரேட்டராக இருந்த தேவராஜ் ஓடிப்போய்க் கையால் ஓட்டுவதற்குள் பாதிக் கிடங்கு எரிந்துவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் எங்கள் ரிப்போர்ட்டில் ‘ஆட்டோ’ என்று இருந்ததால், சுவிட்சை மாற்றியவர் தேவராஜ்தான் என்று முடிவுகட்டி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

“பேசாம இருந்துக்கினா இன்னாண்ணா? பேப்பர்ல நம்ம மேல ஒண்ணும் இல்லியே” என்றேன். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

“மேனுவல்ல உட்டுட்டு வந்தவன் நானு. தேவராஜ் புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போவான்?”

“அப்போ டிக் போட்டது நானுன்னும் சொல்லு.”

“கையெழுத்து என்னுது. நீ கம்முனு இரு.”

மறுநாள் காலையில் போய், முழுத் தவறும் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். என் பெயர் அதில் இல்லை. தேவராஜுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எங்களுக்கு அந்தத் தொழிற்சாலை போயிற்று; செய்தி பரவி மற்ற கம்பெனிகளில் பாதியும் கைவிட்டுப் போயின.

அண்ணன் பட்டறையை மூடவில்லை. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நின்று, நடந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் வேலை கேட்டார். செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. “தப்ப ஒத்துக்கினவனத்தான் உள்ள உடணும்” என்று கூப்பிட்ட இடங்களும் உண்டு. அன்றிலிருந்து ரிப்போர்ட்டைப் பட்டறையில் எழுத எனக்குத் தடை. பம்பு அறைக்கே என்னைக் கூட்டிப் போவார். வெளியே குழாயைத் திறந்துவிட்டு, யாரும் சுவிட்சைத் தொடாமல் பம்பு தானாக ஓடுவதை என் கண்ணால் பார்த்த பிறகே டிக் போடச் சொல்வார். மழையோ வெயிலோ, அதைப் பார்க்காமல் அவர் கிளம்பியதில்லை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போய் வந்த நாட்களிலும், “கொழா தொறந்து பாத்தியா?” என்பதுதான் போனில் அவருடைய முதல் கேள்வி.

கடைசிவரை சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த பம்பு ஆபரேட்டர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த புதுவாயல் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டறையை நான் தொடர்ந்து நடத்துகிறேன்.

தேவராஜ் அவர்களே, பழவேற்காட்டிலிருந்து வாரம் தவறாமல் மருத்துவமனைக்கு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். “உங்கண்ணன் மட்டும் வாயத் தொறக்கலன்னா நானு இன்னா ஆயிருப்பேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த டிக் என்னுடையது என்பதை இந்தப் பக்கத்தில்தான் நீங்கள் முதன்முதலில் அறிகிறீர்கள். உங்களுக்குரிய பிரதியைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன்.