காளிகாட் பாலம் வரைக்கும் ஐம்பத்து நாலு சதவீதம்

காலை 9.05. டாலிகஞ்ச் குடியிருப்பிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் கிடர்பூரில் ஒரு பள்ளிக்கூடம், ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். பத்தேகாலுக்கு என் மனைவி கோமதிக்கு அங்கே கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வண்டி, இரண்டு வருடத்துக்கு முன் நான் ஆசைப்பட்டு வாங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர். மீட்டரில் சார்ஜ் ஐம்பத்து நாலு சதவீதம்.

"ஏங்க, டாக்ஸியில போயிருவோம். இந்த வண்டிய நம்ப முடியல" என்றாள் கோமதி.

"ஒம்பது கிலோமீட்டருக்கு இருநூறு ரூவாயா? அம்பத்து நாலு இருக்குல்லா, போயிட்டுத் திரும்பியே வந்துரலாம்."

நான் துறைமுக அலுவலகத்தில் அதிகாரி. எட்டு வருடத்தில் விசாகப்பட்டினம், பாராதீப், கொல்கத்தா என்று மூன்று ஊர். அவள் வேலை தேடிப் பிடிக்கும் சமயம் பார்த்து என் மாற்றல் உத்தரவு வந்து நிற்கும். கொல்கத்தாவில் அவளுக்கு வந்த முதல் அழைப்பு இதுதான். அது தெரிந்தும்தான் அந்த இருநூறு ரூபாயைப் பற்றிப் பேசினேன்.

9.25. ராஷ்பிஹாரி முனை. ஜனவரிப் பனி இன்னும் விலகவில்லை. பேருந்தும் ஆட்டோவும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. புதிதில் இந்த வண்டி முழு சார்ஜில் எழுபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியது. ஒரு வருடம் கழித்து எழுபது. அது எல்லா பேட்டரிக்கும் வரும் தேய்மானம். பூஜை விடுமுறைக்குப் பிறகு முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. குளிர்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும் என்று எங்கோ படித்து, அதையும் சிரத்தையாகக் கடைப்பிடித்தேன்.

9.40. காளிகாட் பாலம். பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை, கைவண்டிக்காரர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேர் ஏறிய வண்டி பாதியில் முனகியது. நாற்பத்தொன்று என்று காட்டிக்கொண்டிருந்த மீட்டர் ஒரே அடியாகப் பூஜ்யத்துக்கு வந்து அணைந்தது. அணைத்துப் போட்டேன், முப்பத்தெட்டு என்றது. பத்தடி போய் மறுபடியும் நின்றது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது வரும், இந்த முப்பத்தெட்டு எட்டு நிமிடம்கூட வரவில்லை.

இரண்டு டாக்ஸிக்காரர்கள் கிடர்பூர் என்றதும் வர முடியாதென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கைப்பேசியில் கேட்ட கார் பதினாறு நிமிடம் என்றது. கோமதி சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்க வண்டியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் முண்டியடித்து ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

10.20. ஹாஜ்ரா பக்கம் ஒரு சந்து. அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து பேட்டரி வண்டி பழுதுபார்க்கும் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்கார மிஸ்திரி பேட்டரியைத் திறந்து சோதனை மீட்டரின் கம்பிகளை வைத்துப் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்:

"அண்ணா, வண்டிய ரொம்ப நாள் காலியா போட்டு வச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். மாற்றல் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜைக் காலி செய்வோம், கேஸை மூடுவோம், மெயினை அணைப்போம். பேட்டரி தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில், திருநெல்வேலி ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் அதையும் காலி செய்தேன். வண்டி நிற்கும் வரை காலனியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். நாற்பது நாள் பூட்டிய வீட்டில் அது அப்படியே கிடந்தது.

"காலியா கிடந்தா செல் உள்ளயே செத்துப்போகும்" என்றார் மிஸ்திரி. "இதுல நாலஞ்சு செல் போயிடுச்சு. ஏத்தத்துல பாரம் இழுக்கும்போது அதுங்க படுத்துக்கும், மொத்தமும் நின்னுடும். நிறைச்சும் வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க. பாதி வச்சிட்டுப் போங்க. மாசம் ஒரு தடவை யாரையாவது ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் முகத்தை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு மண் குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பத்து ரூபாய்த் தேநீர். கசந்தது.

மாலை 5.30. வீடு. கோமதி பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். தேர்வுக்கு அழைத்தவர்கள் பட்டியலை அதற்குள் முடித்துவிட்டார்களாம். பள்ளி வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அழுது முடித்த முகம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க மிஸ்திரி சொன்னதையெல்லாம் விளக்கினேன்: பேட்டரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பூட்டிய வீட்டில் போட்டு வைத்தால் உள்ளேயே வீணாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

அவள் முழுக்கக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எட்டு வருசமா நானும் பூட்டுன வீட்டுலதான் கெடக்கேன். பேட்டரி விசயத்துலயாவது ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சே."

சான்றிதழ்ப் பையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். கொல்கத்தாவுக்கு வந்த நாளிலும் அவள் அதை அதே தட்டில்தான் வைத்தாள்.